எண்ணை விடுங்கள், இடத்தைப் பாருங்கள்

காதுக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுக் குடையும்போது சிலருக்குத் தொண்டை கமறி இருமல் வரும். உங்களுக்கு வராவிட்டாலும் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் “ஆமாம், எனக்கு வரும்” என்பார். காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? காதுத்துளைத் தோலில் ஒரு சின்னப் பகுதிக்கு உணர்ச்சி தருவது வேகஸ் நரம்பின் ஒரு கிளை. குரல்வளைக்கும் மூச்சுக்குழாய்க்கும் உணர்ச்சி தருவதும் அதே வேகஸ்தான். காதில் பட்டதை மூளைத்தண்டு தொண்டையில் பட்டதாக எடுத்துக்கொண்டு இருமலைக் கிளப்பிவிடுகிறது.

உடற்கூறியல் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். “சரி, இனி மண்டை நரம்புகள்” என்றதும் அதே முகங்கள் வாடிவிடும். 12 பெயர், 12 எண், எது உணர்ச்சி நரம்பு, எது இயக்க நரம்பு, எது இரண்டும் கலந்தது என்று ஒரு பட்டியல். வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துபோவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பட்டியலாகச் சொல்லிக்கொடுக்கும் முறைதான் தவறு என்று உறுதியாக நம்புகிறேன். இந்த நரம்புகளின் கதை எண்ணில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஒரு நரம்பு மூளைத்தண்டில் எந்தக் கருவிலிருந்து, அதாவது எந்த நரம்பணுத் திரளிலிருந்து, கிளம்புகிறது, அந்தக் கரு நடுக்கோட்டை ஒட்டியிருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா, அதன் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், மனப்பாடத்துக்கு வேலை குறைந்துவிடும்.

எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமானிய காலத்து கேலன் 7 இணைகள் என்றார். பல நூற்றாண்டுகள் அதையே படித்தார்கள். 1778-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் தாமஸ் சோமரிங் என்ற இளைஞர் தன் மருத்துவப் பட்ட ஆய்வேட்டில் 12 இணைகளாகப் பிரித்து எண்ணினார். மூளையைக் கவிழ்த்துவைத்து முன்னிருந்து பின்னாக எந்த வரிசையில் நரம்புகள் வெளியே வருகின்றன என்பதுதான் அந்த எண். வெளியே வரும் வாசலைச் சொல்லுமே தவிர, உள்ளே எங்கிருந்து கிளம்பியது என்பதை அந்த எண் சொல்லாது. முதல் இரண்டான முகர்வு நரம்பும் பார்வை நரம்பும் மூளைத்தண்டைச் சேர்ந்தவையே அல்ல, முன்மூளையின் நீட்சிகள். 11-ஆவதன் வேர் பெரும்பாலும் கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கிறது. ஆக, இந்தப் பட்டியலே வேறு வேறு பிறப்புடைய நரம்புகளை ஒன்றாகக் கட்டிவைத்தது.

இனி மூளைத்தண்டுக்குள் போவோம். மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், கீழே முகுளம். மூன்றையும் சேர்த்தால் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அதற்குக் கீழே தண்டுவடம். தண்டுவடத்தில் ஒழுங்கு எளிமையானது: இயக்க நரம்பணுக்கள் முன்பக்கம், உணர்ச்சியை வாங்கும் அணுக்கள் பின்பக்கம். தாயின் வயிற்றில் குழந்தை வளரும்போது முகுளமும் பான்ஸும் இருக்கும் இடத்தில், மூளைத்தண்டாக மாறும் குழாயின் பின்சுவர் மெலிந்து அகன்று, மூடியிருந்த புத்தகத்தை விரித்துவைத்த மாதிரி பக்கவாட்டில் மலர்ந்துவிடுகிறது. அந்த விரிந்த பரப்புதான் நான்காம் மூளை அறையின் தரை. இதனால் முன்பக்கம் இருந்த இயக்கக் கருக்கள் நடுக்கோட்டை ஒட்டி வந்துவிடுகின்றன, பின்பக்கம் இருந்த உணர்ச்சிக் கருக்கள் ஓரங்களுக்குப் போய்விடுகின்றன. நடுவில் இயக்கம், ஓரத்தில் உணர்ச்சி. இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளக்கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். உள்ளுறுப்புகளைக் கவனிக்கும் கருக்கள் அந்தக் கோட்டின் இருபுறமும் நெருங்கி இருக்கின்றன.

நடுக்கோட்டை ஒட்டி நிற்பவை எவை? கண்ணை அசைக்கும் 3, 4, 6, நாக்கை அசைக்கும் 12. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பீட்டர் கேட்ஸ் 2005-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழகாகச் சொல்லியிருக்கிறார்: 1, 2 நீங்கலாக, 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களெல்லாம் நடுவில். 5, 7, 9, 11 ஆகியவை ஓரத்தில். எண் என்றால் இப்படிப் பயன்பட வேண்டும், இடத்தைக் காட்டிக்கொடுக்க.

மெல்லுவது, முகத்தை அசைப்பது, விழுங்குவது, பேசுவது ஆகிய வேலைகளைச் செய்யும் தசைகளுக்குத் தனி வம்சம் உண்டு. மீன்களில் செவுள்களைத் தாங்கும் வளைவுகள் இருக்கின்றன அல்லவா, அதே வளைவுகள் மனிதக் கருவிலும் தோன்றி, செவுளாகாமல் தாடையாகவும் முகமாகவும் தொண்டையாகவும் மாறுகின்றன. இந்தத் தசைகளை இயக்கும் கருக்கள் மற்ற இயக்கக் கருக்களோடு நடுவில் நிற்காமல் சற்று ஆழத்தில், ஓரமாக இறங்கிவிட்டன. விழுங்கலுக்கும் குரலுக்கும் உரிய அம்பிகுவஸ் கரு அப்படி ஒன்று. 9-ஆவதும் 10-ஆவதும் இரண்டுமே அதைப் பயன்படுத்துகின்றன. மறுபுறம் பாருங்கள், 10-ஆவதான வேகஸ் ஒன்றே நான்கு கருக்களோடு உறவு வைத்திருக்கிறது: குரல் தசைகளுக்கு அம்பிகுவஸ், குடல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முதுகுப்புற வேகஸ் கரு, உள்ளுறுப்புச் செய்திகளும் சுவையும் வந்துசேர சாலிட்டரி கரு, காதுத்தோலின் உணர்ச்சிக்கு 5-ஆவதான முப்பிரிவு நரம்பின் கரு. ஒரு நரம்புக்கு ஒரு கரு என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பான்ஸின் பின்பக்கம். அங்கே 6-ஆம் நரம்பின் கரு நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது, கண்ணை வெளிப்புறம் திருப்புவது அதன் வேலை. முகத்தை அசைக்கும் 7-ஆம் நரம்பின் கரு அதற்குக் கீழே, ஆழத்தில், ஓரமாக இருக்கிறது. 7-ஆம் நரம்பு அங்கிருந்து நேராக வெளியே போயிருக்கலாம். போகவில்லை. முதலில் பின்னோக்கி உள்ளே ஏறி, 6-ஆவதன் கருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகுதான் திரும்பி வெளியேறுகிறது. நான்காம் அறையின் தரையில் இந்தச் சுற்று ஒரு சிறு மேடாகப் புடைத்துத் தெரியும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? கருப்பருவத்தில் முக நரம்பின் அணுக்கள் பிறக்கும் இடம் வேறு. பிறந்த பிறகு அவை கீழ்நோக்கி இடம்பெயர்கின்றன, போகும்போது தங்கள் நீண்ட இழைகளைப் பின்னால் விட்டுக்கொண்டே போகின்றன. அந்த அணுக்களின் பயணப் பாதைதான் நாம் காணும் அந்த வளைவு. டச்சு உடற்கூறியலாளர் ஆரியன்ஸ் காப்பர்ஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல விலங்குகளின் மூளைகளை ஒப்பிட்டு, நரம்பணுக்கள் தங்களுக்குச் செய்தி வரும் திசையை நோக்கி நகர்கின்றன என்று ஒரு விளக்கம் தந்தார். எந்த மூலக்கூறுகள் அந்த அணுக்களை வழிநடத்துகின்றன என்று இன்று எலியிலும் வரிக்குதிரை மீனிலும் பார்க்கிறார்கள். விளக்கம் மாறினாலும் வளைவு அப்படியே இருக்கிறது, நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும்.

இது வெறும் அழகுக்காகச் சொல்வதல்ல. அந்த மேட்டில் ஒரு சின்ன இரத்தக்கசிவோ அடைப்போ வந்தால், ஒரு பக்க முகம் முழுவதும் செயலிழப்பதோடு அதே பக்கமாக இரண்டு கண்களையும் திருப்ப முடியாமல் போகும். இரண்டு கண்களும் ஏன்? 6-ஆவதன் கருவில் சொந்தக் கண்ணுக்குப் போகும் அணுக்கள் மட்டும் இல்லை. எதிர்ப்பக்கம் தாண்டி, நடுமூளையில் உள்ள 3-ஆவதன் கருவுக்கு “நீயும் இந்தப் பக்கம் திரும்பு” என்று சொல்லும் அணுக்களும் அங்கே கலந்திருக்கின்றன. நரம்பு மட்டும் வெளியே பழுதானால் ஒரு கண் மட்டும்தான் தடுமாறும். கரு பழுதானால் இரண்டு கண்ணும் அந்தப் பக்கம் போகாது. நோயாளியின் கண்முன்னே ஒரு விரலை ஆட்டிவிட்டே மருத்துவர் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

முகம் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிக்கு வருவோம். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணிவிடும், கொப்பளித்தால் தண்ணீர் ஒழுகும், ஒரு கண் மூடாது. “ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தான், காற்று அடித்துவிட்டது” என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் உடனே வரும் பயம் பக்கவாதம். மருத்துவர் முதலில் புருவத்தை உயர்த்தச் சொல்வார். அதற்குக் காரணம் முக நரம்புக் கருவின் அமைப்பு. நெற்றிக்குரிய பகுதிக்குப் பெருமூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. வாய்க்குரிய பகுதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் முக்கியமாக வருகிறது. பெருமூளையில் பக்கவாதம் வந்தால் வாய் கோணும், ஆனால் நெற்றி சுருங்கும், ஏனென்றால் மற்றப் பக்கம் கைகொடுக்கிறது. நரம்பே பழுதானால் நெற்றியும் சேர்ந்து போய்விடும். 1821-இல் சார்லஸ் பெல் முக நரம்பைப் பற்றி எழுதியதால் இந்த நரம்பு வாதத்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெற்றி சுருங்கவில்லை, ஆகவே பக்கவாதம் இல்லை என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடாதீர்கள். மேலே சொன்ன பான்ஸ் மேட்டில் அடைப்பு வந்தாலும் நெற்றி சுருங்காது. இரண்டையும் பிரித்துச் சொல்ல மற்ற நரம்புகளையும் பார்க்க வேண்டும், அது மருத்துவர் வேலை. பெல் வாதம்தான் என்று உறுதியானால் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் முழுதாகக் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் இமையை மூடி ஒட்டும் டேப் இவை கருவிழியைக் காப்பாற்றும். எண்ணெய் தடவிப் பார்க்கலாம், ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருப்பதில்தான் பலருக்கு அந்த மூன்று நாள் போய்விடுகிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இடம் தெரிந்தால் நோய் தெரியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் அடோல்ஃப் வாலன்பெர்க். பால்டிக் கடற்கரையில், அன்று ஜெர்மனியில் இருந்த டான்சிக் நகரத்து மருத்துவர். இன்று அந்த ஊர் போலந்தின் கிடான்ஸ்க். 1895-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். திடீரென்று தலைசுற்றல், இடது பக்க முகத்தில் வலியும் மரத்துப்போதலும், குரல் கம்மல், விழுங்க முடியாமை, இடது பக்கமாகச் சாய்வு. வலது பக்க உடம்பில் வலியும் சூடும் தெரியவில்லை. முகத்தில் இடது, உடம்பில் வலது. கேட்டால் குழப்பமாக இருக்கும், ஏதோ கற்பனை வியாதி என்றுகூடத் தோன்றும்.

முகுளத்தின் இடது ஓரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். முப்பிரிவு நரம்பின் நீண்ட கரு அங்கே கீழிறங்கி ஓடுகிறது, இடது முகத்தின் வலியும் சூடும் இன்னும் எதிர்ப்பக்கம் தாண்டாமல் அங்கேதான் வந்துசேர்கின்றன. அதை ஒட்டியே உடம்பின் வலி, சூடு தரும் பாதை ஓடுகிறது. அது தண்டுவடத்திலேயே பக்கம் மாறிவிட்டதால் இடது ஓரத்தில் ஓடுவது வலது உடம்பின் செய்தி. அம்பிகுவஸ் கரு போனதால் குரலும் விழுங்கலும் போயின. உடல் சமநிலைக் கருக்கள் போனதால் சுற்றல். சிறுமூளைக்குப் போகும் பாதை போனதால் சாய்வு. நடுக்கோட்டை ஒட்டிய 12-ஆவதன் கரு தப்பித்தது. முன்பக்கம் ஓடும் கை கால் இயக்கப் பாதையும் தப்பித்தது. இத்தனையும் ஒரே இடத்தில் இருப்பதால், அந்த இடத்துக்கு இரத்தம் தரும் சிறுமூளைப் பின்கீழ்த் தமனி அடைபட்டிருக்கலாம் என்று வாலன்பெர்க் ஊகித்தார். கட்டுரைத் தலைப்பிலேயே தமனியின் பெயரைப் போட்டு பக்கத்தில் கேள்விக்குறி வைத்தார். அந்த நோயாளி இறந்தபின் உடற்கூறாய்வு செய்து, 1901-இல் அதன் முடிவை வெளியிட்டார். ஊகம் சரியாக இருந்தது.

1895-இன் இறுதியில்தான் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரேயில் மூளைத்தண்டு தெரியாது. சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியின் மூளையைப் பார்த்தது 1971-இல். வாலன்பெர்க் கையில் ஊசியும், சூடு குளிர் பார்க்கும் வழியும், நரம்புகளின் இடம் பற்றிய அறிவும் மட்டுமே இருந்தன. யூதர் என்பதால் நாஜிகளின் காலத்தில் தன் எழுபதுகளில் அவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. 1938-இல் இங்கிலாந்து, பிறகு அமெரிக்கா. 1949-இல் அங்கேயே காலமானார். அவர் பெயர் தாங்கிய நோய்க்குறியை உலகெங்கும் படிக்கிறார்கள், அவருக்கு நேர்ந்ததைப் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

இந்த நோய்க்குறி நம் வீடுகளிலும் வருகிறது, பலமுறை தவறவிடப்படுகிறது. கை கால் நன்றாக இயங்குகிறது, வாய் கோணவில்லை, ஆகவே பக்கவாதம் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். தலைசுற்றலுக்குப் பித்தம், பிரஷர், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஆயிரம் காரணம் கையில் இருக்கிறது. குளிக்கும்போது வெந்நீர் ஒரு பக்க உடம்பில் சுடவில்லை என்பதைச் சிலர் தற்செயலாகத்தான் கவனிப்பார்கள். திடீர்த் தலைசுற்றலோடு விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், பொருள்கள் இரண்டாகத் தெரிவது, பிடிக்காமல் நிற்க முடியாமை, ஓயாத விக்கல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மற்ற நரம்புகளைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் போக மனமில்லை. 4-ஆவது மிக மெல்லியது. மூளைத்தண்டின் முதுகுப்புறமாக வெளியேறும் ஒரே நரம்பு அதுதான். அது பழுதானால் மாடிப்படி இறங்கும்போது படி இரண்டாகத் தெரியும். சோற்றில் கல் கடிபட்டதும் தாடை தானாகத் திறந்துகொள்கிறதே, பல்லின் வேரிலிருந்து செய்தி கொண்டுவரும் 5-ஆவதன் உணர்ச்சி அணுக்களில் ஒரு பகுதி, மற்ற உணர்ச்சி அணுக்களைப் போல வெளியே ஒரு முடிச்சில் இல்லாமல், நடுமூளைக்குள்ளேயே குடியிருக்கிறது. உடலில் வேறெந்த நரம்புக்கும் இந்த ஏற்பாடு இல்லை. குரலுக்குப் போகும் வேகஸின் இடது கிளை மார்புக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. கருப்பருவத்தில் இதயம் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கியபோது அதையும் இழுத்துக்கொண்டு போனதன் விளைவு. அதனால்தான் வாரக்கணக்கில் தீராத குரல் கம்மலுக்குச் சில சமயம் மார்பையும் படம் எடுக்கிறார்கள்.

பான்ஸின் முன்பகுதி முழுவதும் போய், நடுமூளை மட்டும் தப்பினால் என்ன ஆகும் என்பதை பிரெஞ்சு எல் பத்திரிகையின் ஆசிரியர் ழான் டொமினிக் பொபி வாழ்ந்து காட்டினார். 1995 டிசம்பரில் பக்கவாதம். கை, கால், பேச்சு, விழுங்கல் எல்லாம் போயின, அறிவு முழுதாக இருந்தது. மேல் இமையைத் தூக்கும் தசை 3-ஆம் நரம்பினுடையது, அதன் கரு நடுமூளையில் பத்திரமாக இருந்தது. வலது கண்ணைப் புண்ணாகாமல் காக்கத் தைத்து மூடிவிட்டார்கள். இடது இமையைச் சிமிட்டிச் சிமிட்டி, எழுத்து எழுத்தாக ஒரு முழுப் புத்தகத்தைச் சொல்லி எழுதவைத்தார். 1997 மார்ச்சில் புத்தகம் வெளிவந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். அசைவில்லாத ஒருவர் முன் நிற்கும்போது “மேலே பாருங்கள், கீழே பாருங்கள்” என்று கேட்க வேண்டும் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உள்ளே ஒருவர் முழு நினைவோடு இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான நிலைதான் மூளைச்சாவு. 1994-இல் வந்த இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டின் மரணத்தை மரணமாக ஏற்கிறது. 2008-இல் தமிழக அரசின் உறுப்பு தானத் திட்டம் தொடங்கியபின் இந்தச் சொல் நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. அதை எப்படி உறுதிசெய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மேலிருந்து கீழாக மூளைத்தண்டின் ஒவ்வொரு மட்டத்தையும் கேள்வி கேட்கிறார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாப்பா சுருங்குகிறதா, அது 2-ம் 3-ம், நடுமூளை. கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடுகிறதா, 5-ம் 7-ம், பான்ஸ். காதில் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் அசைகிறதா, 8-ம், 6-ம், 3-ம். உயிருள்ள மூளைத்தண்டாக இருந்தால் ஆழ்ந்த மயக்கத்திலும் கண்கள் குளிர்ந்த காதின் பக்கமாக மெல்ல நகரும். தொண்டையைத் தொட்டால் குமட்டல், மூச்சுக்குழாயில் குழாயை நுழைத்தால் இருமல், 9-ம் 10-ம், முகுளம். கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, கரியமில வாயு ஏறும்போது மூச்சு எடுக்கிறாரா என்று பார்க்கிறார்கள். மயக்க மருந்தோ உடல் குளிர்ந்துபோனதோ காரணமில்லை என்று முன்கூட்டியே உறுதிசெய்திருக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். மருத்துவர் குழு கையெழுத்திட வேண்டும்.

“நெஞ்சு துடிக்குதே டாக்டர், கை சூடா இருக்கே” என்று குடும்பத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதயத்துக்குத் துடிப்பைத் தொடங்கும் இடம் அதற்குள்ளேயே இருக்கிறது. வேகஸ் அதன் வேகத்தை மட்டும்தான் குறைக்கும். ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது தானாகத் துடிக்கும். மூச்சுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை, அதன் கட்டளை முகுளத்திலிருந்துதான் வர வேண்டும். இதைப் படமாக வரைந்து, எந்தச் சோதனை எந்த இடத்தைக் கேட்கிறது என்று, குடும்பத்தில் ஒருவரையாவது உட்காரவைத்து நம் தமிழில் சொல்ல 10 நிமிடம் ஆகும். உறுப்பு தானத்துக்குச் சம்மதம் கேட்பதற்கு முன்னால், முதல் சோதனைக்கும் இரண்டாம் சோதனைக்கும் நடுவே உள்ள அந்த 6 மணி நேரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர்கள் இந்த 10 நிமிடத்தை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.